இருபதில் ஒரு சிவப்பு

“இந்தச் சோதனை பொய் சொல்லுது மேடம். தூக்கிடட்டுமா?” என்று கேட்டார் இருதயராஜ்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. வகிதாவுக்கு முப்பத்து நாலு. ஆனாலும் சர்வர் விஷயத்தில் சந்தேகம் என்றால் அந்த மென்பொருள் அலுவலகத்தில் எல்லோரும் வகிதாவின் மேசைக்குத்தான் போவார்கள். கூச்சப்பட்டுக்கொண்டாவது போவார்கள்.

“என்ன பொய் சொல்லுது சார்?”

“ஆஸ்பத்திரி டோக்கன் தளம். பேரைப் பதிஞ்சா சர்வர்ல இருக்கிற ஸ்கிரிப்ட் ஒரு நம்பர் கொடுக்கும், பேரை டாக்டரோட பட்டியல்ல எழுதும். எழுதிச்சான்னு சோதனை தானா பார்த்துச் சொல்லணும். பத்தொன்பது தடவை பச்சை காட்டுது. ஒரு தடவை சிவப்பு. நான் ஸ்கிரிப்ட்ல ஒரு எழுத்துகூட மாத்தல.”

“என்ன பண்ணிப் பார்த்தீங்க?”

“சோதனையை ரெண்டு நொடி பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் அஞ்சு நொடி. அடங்கல. இப்ப சிவப்பு வந்தா இன்னொரு தட்டு, அவ்வளவுதான். பச்சை வந்துடும்.”

இன்னொரு தட்டு என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். சிவப்பு வந்தால் பொத்தானை மறுபடி தட்டுவார்கள். பச்சை வந்ததும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். படம் ஆடுகிற பழைய டிவியின் தலையில் தட்டுவது மாதிரிதான். கெட்ட பழக்கம். எல்லோருக்கும் பிடித்த பழக்கம்.

“நாளைக்குக் காலையில தளத்தைத் திறக்கிறாங்க மேடம். ஆஸ்பத்திரிக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு வந்தா என் மானம் போயிடும்.”

வகிதா அவருடைய திரையைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

“உங்களுக்குத் தெரிஞ்ச இருபது பேரை ஒத்திகைத் தளத்துல நீங்களே பதியுங்க சார். வர்ற நம்பரைத் தாள்ல எழுதிக்குங்க.”

இருதயராஜுக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர், முடி வெட்டுகிறவர், சர்ச்சின் பங்குச் சாமியார், மைத்துனன் என்று ஒவ்வொருவராகப் பதிந்தார். எல்லோருக்கும் உடனே நம்பர் வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து வகிதா டாக்டரின் பட்டியலைத் திறந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கூப்பிடுகிற குரலில் பெயர்களை வாசித்தார். இருதயராஜ் தாளில் டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

“பட்டியல் முடிஞ்சுது சார்.”

“பதினாலு வரலையே மேடம்.”

“பதினாலு யாரு?”

“எங்க அக்கா. சலேத்மேரி.”

“அந்தப் பேர்ல யாரும் இல்லையே.”

“நம்பர் கொடுத்திருக்கே மேடம். இதோ பாருங்க.”

“கொடுத்திருக்கு,” என்றார் வகிதா. “அவங்களை இன்னொரு தட்டு தட்டச் சொல்லுங்க.”

இருதயராஜ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது.

“அவங்க எதை மேடம் தட்டுவாங்க? கால் வலியோட முதல் பஸ்ஸுக்கு வருவாங்க. நம்பரைக் கையில வச்சுக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாங்க.”

வகிதா பட்டியலை மூடினார்.

இருதயராஜ் தன் இடத்துக்குப் போனார். சோதனையில் தான் சேர்த்திருந்த ஐந்து நொடியை எடுத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

“நாளைக்குத் திறக்க வேண்டாம் சார். ஒருத்தங்க பேர் விட்டுப்போகுது.”