எல்லா சீட்டும் நிறைந்த விமானம்

வனஜா அம்மா குடியிருந்தது ஒரு விமானத்துக்குள். நொடித்துப்போன கம்பெனியின் விமானம். யாரோ அதை ஏலத்தில் எடுத்து, ஓட்டல் வைக்கலாமென்று நெடுஞ்சாலையோரத்துப் பொட்டலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓட்டலும் வரவில்லை. அதே விமானத்தில் ஒரு காலத்தில் பணிப்பெண்ணாக இருந்தவள்தான் வனஜா. இப்போது மனம் கலங்கி வருகிறவர்களுக்கு குரு.

கிளாரா அவளிடம் தியானம் பழகுகிறவள். தன்னைவிட இளையவளை அம்மா என்று கூப்பிட முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

அன்றைக்கு உச்சிவெயிலில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"பச்சைப்பிள்ளையை இந்த நேரத்திலயா தூக்கிட்டு வருவே?"

"சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லணும்மா. எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி பாப்பா பேர்ல போட்டுவெச்ச பணம். அதை விட்டா எங்களுக்கு வேற ஒண்ணுமில்லை. அதை எடுத்து விமானக் கம்பெனி பங்கு வாங்கலாங்கிறார் கொழுந்தன். வாங்கலாமா?"

"உள்ள வா. உட்காரு. பெல்ட்டைப் போட்டுக்கோ."

கிளாரா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குரு ஒரு கூஜாவையும் காகிதக் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். வரிசை வரிசையாக, ஆளில்லாத சீட்டுகளுக்கு முன்னால் மடக்கியிருந்த பலகையை இறக்கித் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"கொழுந்தன் சொல்றது நிஜந்தானேம்மா? டவுன் பஸ் மாதிரி ஏறுறாங்க இப்போ. எல்லா சீட்டும் நிறைஞ்சுதானே போகுது?"

"இப்பவும் நிறைஞ்சுதான் இருக்கு."

டிங் என்றது தலைக்கு மேல். பணிப்பெண்ணைக் கூப்பிடுகிற மணி. காயலான் கடைக்காரன் ஒயரையெல்லாம் உருவிக்கொண்டு போய் வருஷமாகிறது.

"வர்றேன் சார்" என்று குரு பின்பக்கம் போனாள்.

குழந்தை கிளாராவின் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துச் சிரித்தது. பிறகு டாட்டா காட்டியது. அதற்கு டாட்டா காட்ட இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

கிளாரா திரும்பினாள். யாருமில்லை. கோப்பைகள் காலியாக இருந்தன.

"சேசுவே" என்றது வாய். "அம்மா, இது கீழே விழுந்த விமானமா?"

"சேச்சே. ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. இதில பறந்தவங்க எல்லாரும் பத்திரமா இறங்கி வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்போ இவங்க?"

"பங்கு வாங்கினவங்க."

"எதுக்கு உட்கார்ந்திருக்காங்க?"

"கிளம்பும்னு."

கிளாரா பெல்ட்டைத் தடவிப் பார்த்தாள். கழற்றிவிட்டு எழுந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் பெற்றவள் அல்லவா, மனசைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"போகட்டும்மா. நஷ்டமானா எனக்கும் இங்க ஒரு சீட்டு, அவ்வளவுதானே? பிள்ளைக்காக நான் உட்கார்ந்துட்டுப் போறேன்."

குரு கூஜாவோடு திரும்பி வந்தாள். கிளாராவுக்குப் பக்கத்து சீட்டின் பலகையை இறக்கினாள். அதில் கோப்பை வைக்கவில்லை. குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை ஒன்றை வைத்து, அது நிறைய தண்ணீர் ஊற்றினாள்.

"இது யாருக்கும்மா?"

"பணம் யார் பேர்ல இருக்குன்னு சொன்னே?"