தாமதமே இல்லாத கார்டு

திருச்சியில் கேம் ஆடி நேரலையில் காட்டுபவர் ரெக்ஸ். ஆட்டத்தின் படத்தைப் பிடித்து நேரலைக்குத் தரக் கணினிக்குள் பொருத்தும் கேப்சர் கார்டுகளை மாற்றி மாற்றிப் போட்டும் அவருக்குப் படம் தாமதமாகவே வந்தது.

"தாமதமே இல்லாத கார்டா பார்த்துப் போடு. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே," என்றார் உதவியாளர் ஹசீனாவிடம்.

"எந்தக் கார்டுலயும் துளி தாமதம் இருக்குமே சார்."

"சாக்கு சொல்லாதே."

ஹசீனா கணினியைத் திறந்தாள், மூடினாள். "இப்ப ஆடுங்க சார்."

படம் தாமதமில்லாமல் கையசைவோடு ஓடியது. "நான் தேர்ந்தெடுத்த கார்டு எப்படி?" என்று நேரலையில் பெருமையடித்தார் ரெக்ஸ்.

'காட்டுங்க தலைவா' என்று நேயர்கள் எழுதினார்கள். கேமராவைக் கணினிப் பக்கம் திருப்பினார். கண்ணாடி மூடிக்குள் கார்டு இருக்க வேண்டிய இடம் காலி.

"கார்டு எங்கேம்மா?"

"கழட்டிட்டேன் சார். வேற மெஷின்ல ஆடுறவங்களுக்குத்தான் அது வேணும். நீங்க ஆடுறதும் அனுப்புறதும் ஒரே கணினி. பக்கத்து நாற்காலிக்கு எதுக்கு கூரியர்? நாளைக்கு வரலாமா?"

நேயர்கள் அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"சீக்கிரமே வந்துடும்மா," என்றார் ரெக்ஸ்.