முதுகைக் காட்டிய முயல்கள்

பாறைக்குன்று முயல்களின் நாடு. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு நரி மூச்சு வாங்காமல் அதைச் சுற்றி வந்துவிடலாம். மேலே வளைகள், கீழே ஓடை, நடுவே ஒரே ஒரு ஏற்றப் பாதை.

அந்த நாட்டில் படை கிடையாது. ஆனால் ஒவ்வொரு வளை வாசலிலும் கூழாங்கற்கள் குவிந்திருக்கும். அமாவாசைதோறும் காலையில் மேய்ச்சலுக்கு விடுமுறை. வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் மைதானத்துக்கு வர வேண்டும். பட்டுப்போன வேலமரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைத் திருப்பிக் குறிபார்த்து, பின்னங்காலால் கல்லை உதைக்க வேண்டும். குறி தப்பினால் உதைத்தவரே போய்க் கல்லைப் பொறுக்கி வர வேண்டும்.

செம்பி என்ற தாய் முயலுக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவள் உதைத்த கல் பெரும்பாலும் ஓடைப் பக்கம்தான் போய் விழும்.

"நரி இந்தப் பக்கம் வந்து எத்தனை காலமாச்சு? இந்த நேரத்துக்கு நாலு வாய் புல் மேய்ஞ்சா என் குட்டிகளுக்குப் பாலாவது ஊறும்," என்று கல்லோடு ஏறி வந்து சிடுசிடுத்தாள்.

பயிற்சி நடத்தும் கருவாலன் சிரித்தான். "அக்கா, உங்க குட்டிகளுக்காகத்தான் உதைக்கச் சொல்றேன். இடது காலைக் கொஞ்சம் மடக்கி உதைங்க."

முணுமுணுத்தாலும் செம்பி ஒரு அமாவாசையைக்கூட விட்டதில்லை. அதற்கே அவளைப் பாராட்டலாம்.

ஒருநாள் அவள் ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது, எதிர்க்கரையில் நெட்டையன் என்ற நரி வந்து நின்றான். பேச்சில் தேன் ஒழுகியது.

"என்ன தங்கச்சி, உங்க குன்றுல ஒரு காவலாளியைக்கூடக் காணோமே?"

"காவலுக்குன்னு தனியா யாரும் இல்லையே," என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள் செம்பி. சொன்ன பிறகுதான் திக்கென்றது. ஒரே ஓட்டமாக ஓடிக் கருவாலனிடம் சொன்னாள். அவன் வளைக்கு வளை சொல்லியனுப்பினான்.

மறுநாள் விடியும்போது நெட்டையன் கூட்டத்தோடு பாதையேறி வந்தான். முயல்கள் சாரிசாரியாக வெளியே வந்தன. வந்ததும் ஒன்றாகத் திரும்பி, நரிகளுக்கு முதுகைக் காட்டி நின்றன.

"பாத்தீங்களா, புறமுதுகு காட்டுதுங்க! ஓடுறதுக்குள்ள பிடிங்கடா!" என்று கத்தினான் நெட்டையன்.

நரிகள் வாயைப் பிளந்துகொண்டு ஏறின. செம்பியின் வளைதான் பாதையில் முதலாவது. உள்ளே கண் திறக்காத குட்டிகள் கிடந்தன. அவள் கால் ஓடப் பார்த்தது. ஆனால் அவள் ஓடவில்லை. தலையைத் திருப்பி, நெட்டையனின் மூக்கு வேலமரத்தின் தூரத்துக்கு வரும்வரை காத்திருந்தாள். இடது காலை மடக்கினாள்.

"உதைங்க!" என்றான் கருவாலன்.

செம்பியின் கல் நெட்டையனின் மூக்கில் சொத்தென்று விழுந்தது. குன்று முழுவதிலுமிருந்து ஆலங்கட்டி மழை மாதிரி கற்கள் பறந்தன. நரிகள் உருண்டு புரண்டு ஓடையில் விழுந்தன. எதிர்க்கரை ஏறிய பிறகும் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

"காவலுக்கு ஆளே இல்லன்னு சொன்னியே!" என்று தூரத்திலிருந்து நெட்டையன் ஊளையிட்டான்.

"தனியா ஆள் இல்லன்னுதான் சொன்னேன். இங்க எல்லாருமே காவலாளிங்கதான்," என்றாள் செம்பி.

பிறகு வழக்கப்படி, குறி தப்பிய தன் கற்களைப் பொறுக்கக் கீழே இறங்கினாள். இந்த முறை அவள் சிடுசிடுக்கவில்லை.

காவலை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிடாமல் வீட்டுக்கு வீடு பழகி வைத்திருக்கும் நாடு, எவ்வளவு சிறியதானாலும் யாருக்கும் இரையாகாது.