மாசிலாமணியின் மூன்றாவது தேன்கூட்டம்

கிட்ட வந்து உட்காருங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் பின்னால் போகலாம். நம் கொள்ளுப்பாட்டன்களும் பிறக்காத காலத்தில், மாசிலாமணி என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார். எதையும் திறந்து பார்க்காவிட்டால் அவருக்குத் தலையே வெடித்துவிடும்.

ஒரு தை மாதம், அவர் வீட்டுக் கொல்லையில் சாய்ந்து கிடந்த காலிப் பானைக்குள் தேனீக்கள் குடிவந்தன. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. பானையின் வாயைப் பலகையால் மூடி, ஈக்கள் போய்வர ஒரு ஓட்டை விட்டார். அப்புறம் காலையில் திறந்தார், உச்சியில் திறந்தார், அந்தியில் திறந்தார். அடை கட்டுகிறதா? முட்டை வைக்கிறதா? தேன் வந்ததா? ஈக்கள் எத்தனை நாள் பொறுக்கும்? மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன.

மாசியில் இன்னொரு கூட்டம் வந்தது. மறுபடி திறந்தார். அதுவும் போயிற்று.

பங்குனியில் மூன்றாவது கூட்டம் வந்தபோது, மகள் தைலம்மை பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். சோற்றைக் கண்டாலே அவளுக்குக் குமட்டல்.

"அப்பச்சி, நம்ம கொல்லைத் தேன்ல தினைமாவு பிசைஞ்சு தாங்க. அதுதான் இறங்கும்" என்று தகப்பனிடம் கேட்டாள்.

மகளின் வாடிய முகத்தைப் பார்த்துவிட்டுப் பானையிடம் போனார். பூக்காலமோ முடியப்போகிறது. இந்த ஈக்களும் போனால் வேறு வராது. அந்தப் பதற்றத்திலும் பாருங்கள், கை பலகைக்குத்தான் போயிற்று!

மனைவி உமையாள் பார்த்துவிட்டாள். "நல்லா இருக்குங்க! உங்க மக வயித்தையும் இப்படித்தான் திறந்து பார்ப்பீங்களோ?"

வெட்கப்பட்டுக் கையை எடுத்தார். ஆனாலும் ஆவல் விடுமா? மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மருத்துவச்சியை மறித்தார்.

"பிள்ளை சுகம்னு எப்படிம்மா தெரியும்?"

"உங்க மக என்ன சாப்பிட்டாள்னு கேட்டேன், காதை வச்சுப் பார்த்தேன், கையால கனம் பார்த்தேன். வேற என்னங்க வேணும்?"

"அட!" என்று கொல்லைக்கு ஓடினார். ஈக்களின் காலில் மஞ்சள் மகரந்தம் உள்ளே போவதைப் பார்த்தார். பானையில் காதை வைத்தார். உள்ளே சீரான ரீங்காரம். ஒரு பக்கமாக மெல்லத் தூக்கிக் கனம் பார்த்தார். தினமும் இதே வேலை. பலகையைத் தொடவேயில்லை.

வேப்பம்பூ உதிரும் சமயத்தில் பானை தூக்க முடியாமல் கனத்தது. அன்றுதான் புகை காட்டித் திறந்தார். பாதி அடையை ஈக்களுக்கே விட்டுவிட்டுப் பாதியை எடுத்தார்.

தைலம்மை விரலை நக்கி நக்கித் தின்றாள். "இன்னும் கொஞ்சம், அப்பச்சி" என்றாள். அவர் அழுதேவிட்டார். கொல்லையில் ஈக்கள் தம் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

இவ்வளவு நேரம் கேட்டதற்கு இதுதான் கூலி: வளர்கிற உயிரைக் குடைந்து பார்க்காமல், அது வெளியே காட்டும் குறிகளைப் பொறுமையாகக் கவனிக்கிறவரிடம்தான் அது தங்கும்.