சந்தனம் பூசிய பிஸ்டல்

பொன்னிலந்தை ஜமீன் ராஜா முத்துவிஜய பாண்டியருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. பிஸ்டல் வாங்க வேண்டும்! அரண்மனையில் வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இடுப்பில் செருகிக்கொள்கிற பிஸ்டல், அதுவும் ஒரு குண்டு வெடித்ததும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்கிற மாதிரி, அந்த வட்டாரத்தில் யாரிடமும் இல்லை. ராஜாவுக்குச் சோறு இறங்குமா?

பட்டணத்து வியாபாரி ஒருவன் இரண்டு பிஸ்டல்களைக் கொண்டுவந்து பட்டுத் துணிமேல் வைத்தான். ஒன்று தங்க முலாமும் தந்தப் பிடியுமாகக் கண்ணைப் பறித்தது. மற்றது வெறும் கறுப்பு இரும்பு, மரப் பிடி.

தளவாய் தீர்த்தப்பர் முந்திக்கொண்டார். ராஜா காதில் தம் வார்த்தைதான் முதலில் விழ வேண்டும் என்று நினைக்கிற மனிதர். "மகாராஜா கையிலே தங்கம்தான் மின்னணும். கறுப்பு இரும்பை எவனாவது கொல்லன் வாங்கிட்டுப் போகட்டும்."

ராஜா ஆஸ்தான வித்துவான் மயிலேறும்பெருமாள் பிள்ளையைப் பார்த்தார். அந்தச் சபையில் பயப்படாமல் வாய் திறக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

"ரெண்டிலேயும் குண்டு இல்லேன்னு திறந்து பார்த்தாச்சு மகாராஜா. அந்தச் சுவத்துப் பல்லியைப் பாருங்க. கண்ணை மூடிட்டு அதுக்கு நேரா நீட்டுங்க. அப்புறம் கண்ணைத் திறங்க."

ராஜா முதலில் தங்கத்தை நீட்டினார். பிடி பருமன், கை சாய்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், பிஸ்டல் தளவாயின் தலைப்பாகையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது. குண்டில்லை என்று தெரிந்தும் தளவாய் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். அடுத்து கறுப்பை நீட்டினார். அது அச்சாகப் பல்லிக்கு நேராக நின்றது.

"கண்ணுக்கு நிறைவா இருக்கிறது நகை மகாராஜா. கைக்கு நிறைவா இருக்கிறதுதான் ஆயுதம்" என்றார் பிள்ளை. ராஜா கறுப்பையே வாங்கினார். தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கெரசின் துணியாலே துடைங்க. ரெண்டு சொட்டு மெல்லிசு எண்ணெய் போதும். வேற எதுவும் வேண்டாம்" என்று வியாபாரி சொல்லிக்கொண்டிருந்தான். ராஜா எங்கே கேட்டார்? பிஸ்டலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. முதல் பிஸ்டல் அல்லவா? பூசாரியை ஒதுக்கிவிட்டு ராஜாவே பூஜைக்கு உட்கார்ந்தார். பாலாபிஷேகம், பன்னீர் அபிஷேகம். உருக்கின நெய்யால் ஒரு குளியல். கடைசியில் சந்தனக் கிண்ணம் காலியாகும் வரை பூசினார். குழலின் வாய்க்குள்ளும் ஆசையாக விரல் விட்டுத் திணித்தார். பிள்ளைக்கு வியாபாரி சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் பூஜையில் இருக்கிற ராஜாவைக் கையைப் பிடித்துத் தடுக்க முடியுமா? கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. ராஜா வாழை மரத்தில் அம்பு போடுகிற நாள். இந்தத் தடவை அம்பு கிடையாது, பிஸ்டல்தான் என்று தண்டோரா போட்டிருந்ததால் ஜமீனே திடலில் திரண்டுவிட்டது. ராஜா பிஸ்டலின் பிடிக்குள் குண்டுப் பெட்டியைச் செருகினார். குண்டை ஏற்றுவதற்காக மேல்மூடியைப் பின்னால் இழுத்தார். அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். காய்ந்த சந்தனமும் உறைந்த நெய்யும் விட்டால்தானே? கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். வாழை மரம் காற்றில் நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தது.

"அடியேன் அன்னைக்கே சொன்னேனே!" என்றார் தளவாய்.

ராஜாவின் முகம் சிவந்தது. "ஓய் பிள்ளை! நீர் பொறுக்கின சாமான் நம்ம மானத்தை வாங்கிட்டுது. நாளைக்குச் சபையிலே காரணம் சொல்லும். சொல்லத் தெரியலேன்னா ஜமீன் எல்லையைத் தாண்டிப் போயிரும்."

பிள்ளைக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பிஸ்டல் மோசம் என்றால் பொறுக்கியவர் அவர். பூஜைதான் காரணம் என்றால் குற்றவாளி ராஜா. சபை நடுவில் ராஜாவைக் குற்றவாளி என்று சொன்னவன் தலை கழுத்தில் நிற்குமா? வீட்டுக்குப் போனவர் யோசித்து யோசித்து, கடைசியில் சந்தனக் கல்லை இழுத்துப்போட்டு அரைக்க ஆரம்பித்தார்.

"யாருக்குக் கலியாணம்?" என்றாள் மனைவி உலகம்மை.

"கலியாணம் இல்லே. எனக்குத்தான் பூசை!"

காலையில் சபை கூடியது. பிள்ளை வந்தார். நெற்றி, கழுத்து, மார்பு எல்லாம் சந்தனம். தலையிலிருந்து நெய் ஒழுகியது. இரண்டு கன்னமும் உப்பிக் கிடந்தன.

"என்ன கோலம் இது? சரி, காரணத்தைச் சொல்லும்" என்றார் ராஜா.

"ம்ம்... ம்ம்ம்..." என்றார் பிள்ளை.

"பாருங்க மகாராஜா! பதில் இல்லாமே ஊமை வேஷம் போடுறார். விரட்டி அடிக்க உத்தரவு கொடுங்க" என்று துள்ளினார் தளவாய்.

பிள்ளை வாயைத் திறந்து காட்டினார். உள்ளே அண்ணம் வரைக்கும் சந்தனம்!

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "வாய் நிறையச் சந்தனத்தை அப்பிக்கிட்டா மனுசன் எப்படிப் பேசுவான்? முதல்லே போய்க் கழுவிட்டு வாரும்! அப்புறம் பேசும்!"

பிள்ளை ஓடிப்போய்க் கொப்பளித்துவிட்டு வந்து, கை கட்டி நின்றார்.

"மகாராஜா, அடியேனுக்குக் கிடைச்ச இதே உத்தரவு பிஸ்டலுக்கும் கிடைச்சிருந்தா, நேத்து அதுவும் பேசியிருக்கும்."

ராஜா பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார். தம் விரலைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அரியாசனமே ஆடியது!

அங்கேயே பிஸ்டலைக் கழற்றிக் கெரசினில் கழுவினார்கள். குழலுக்குள் குச்சியில் சுற்றிய துணியை விட்டு, வெளிச்சம் தெரிகிற வரை துடைத்தார்கள். இரண்டே சொட்டு எண்ணெய் விட்டார்கள். எல்லோரும் திடலுக்குப் போனார்கள். ராஜா சுட்ட மூன்று குண்டும் வாழை மரத்தைத் துளைத்தன. தளவாய் ஒவ்வொன்றுக்கும் கை தட்ட வேண்டியதாயிற்று.

ராஜா தம் தோளில் கிடந்த ஜரிகைச் சால்வையை எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்தினார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்: "அப்போ அடுத்த வருசம் பூசையே பண்ணக் கூடாதா பிள்ளைவாள்?"

"தாராளமாப் பண்ணலாம் மகாராஜா. சந்தனத்தைப் பிஸ்டல் இருக்கிற பெட்டிக்குப் பூசுங்க. எவ்வளவு பூசினாலும் அது நாலு பேர் முன்னாலே பேச வேண்டியதில்லே!"