மாப்ளையின் மோடு

“மேடம், மாப்ளைக்கு மட்டும் ட்ராக் மோடு குடுக்கறீங்க. எனக்கு மட்டும் நார்மலுங்களா?”

கேட்டவர் சென்னியப்பன். வயது ஐம்பது. கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி முதலாளி.

கேட்ட இடம், பல்லடத்தைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே ஒரு ரேஸ் மைதானம்.

பதில் சொல்ல வேண்டியவர், அங்கே ரேஸ் ஓட்டக் கற்றுத்தரும் குரு. பெயர் ரெஹானா. வயது முப்பத்தொன்று. தாடி கிடையாது, கமண்டலம் கிடையாது. கையில் டீ டம்ளர்.

“யாரு சொன்னா?”

“என் காது சொல்லுதுங்க. அவன் ஓட்டுனா காரு ‘டேய்ய்ய்’ங்குது. நான் ஓட்டுனா ‘சரிங்க, சரிங்க’ன்னு போகுது. எங்க கம்பெனி அக்கவுண்டன்ட் மாதிரி.”

குரு டீயை ஒரு வாய் குடித்தார்.

“காரு ஒண்ணுதானுங்களே?”

“அதாங்க சந்தேகமே.”

மாப்ள என்பது குழந்தைவேல். சென்னியப்பனின் தங்கச்சி வீட்டுக்காரர். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

மாப்ள மாடியில் ஊஞ்சல் போட்டார். மறு மாதமே மச்சான் மாடியில் இரண்டு ஊஞ்சல். இரண்டிலும் யாரும் ஆடியதில்லை. துணி காய்கிறது.

மாப்ள ரேஸ் பழகப் போகிறார் என்று தங்கச்சி போனில் சொன்னாள். போனை வைப்பதற்குள் மச்சான் ஷூ சைஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புதியவர்களுக்கான ரேஸ். குருவின் ரேஸ் பள்ளிக்கு இருப்பது ஒரே ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டப் போவதும் இருவரில் ஒருவர்தான். குடும்பமே வேன் பிடித்துப் பார்க்க வருகிறது. ஒருவர் காருக்குள் இருப்பார். இன்னொருவர் பந்தலுக்குள், மோர் டம்ளரோடு.

சென்னியப்பனுக்கு மோர் பிடிக்காது.

அந்தக் காரின் ஸ்டீயரிங்கில் ஒரு பட்டன். அமுக்க அமுக்க மோடு, அதாவது கார் ஓடும் விதம், மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல்.

ரெயின்: “மெதுவா சாமி, வழுக்கும்.”

நார்மல்: “சரிங்க.”

ஸ்போர்ட்: “ஏய், வழிய விடு!”

ட்ராக்: “டேய்ய்ய்ய்!”

எந்த மோடில் ஓட்டினாலும் சரி, என்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கார் அத்தனையையும் மறந்துவிடும். “சரிங்க” என்று நார்மலில் வந்து நிற்கும். செய்து அனுப்பியவர்கள் அப்படித்தான் செய்து அனுப்பியிருந்தார்கள்.

“வேணும்னா நீங்களே பட்டனை அமுக்கிக்கங்க,” என்றார் குரு.

அமுக்கினார். ட்ராக்.

“டேய்ய்ய்ய்!” என்றது கார். சென்னியப்பனுக்குப் புல்லரித்தது. மாப்ளையின் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் புல்லரித்தது.

முதல் வளைவு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது வளைவில் கார் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றி, புல்லுக்குள் இறங்கி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது.

குரு நடந்தே வந்து சேர்ந்தார்.

“ட்ராக் மோடுல வழுக்குனா காரு உங்களுக்கு ஒத்தாசை பண்ணாதுங்க. எல்லாம் நீங்களே பாத்துக்கணும்.”

“மாப்ளைக்குப் பண்ணுதே!”

குரு காலைப் புல்லில் தேய்த்தார். அவருடைய ஷூவில் சேறு.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். காரிலிருந்து மட்டும் சத்தம் நிற்கவில்லை.

உள்ளே சென்னியப்பன். தலையில் ஹெல்மெட், மடியில் எலுமிச்சம்பழச் சாதம். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்குவார், ஒரு வாய் போடுவார், இறக்குவார், மெல்லுவார்.

மாப்ள ஜன்னலில் தட்டினார்.

“என்ன மச்சான், ஏசிக்காகவா?”

“ஆமா மாப்ள. வெயிலு.”

“மேகமாத்தான இருக்குது?”

“உனக்கு மேகம். எனக்கு வெயிலு. போய்ச் சாப்புடு போ.”

மாப்ள சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பை சென்னியப்பன் எலுமிச்சம்பழ ஊறுகாய் மாதிரி ரொம்ப நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

அடுத்து குரு வந்தார்.

“ஏன் அணைக்கல?”

“அணைச்சா நார்மல் ஆயிருதுங்க.”

“ஆனா என்னங்க?”

“நார்மலு ஊருக்கே குடுக்கறதுங்க. கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கற மாதிரி. வர்றவன் போறவனுக்கெல்லாம் ஒண்ணுதான். எனக்குன்னு ஒண்ணு வேணுமில்லீங்களா?”

“பெட்ரோல் லைட்டு எரியுது.”

சென்னியப்பன் பார்த்தார். மஞ்சளாக எரிந்தது. அணைத்தார். குழந்தையைத் தூங்க வைப்பதுபோல மெதுவாகத்தான் அணைத்தார். ஆனாலும் பெட்ரோல் ஊற்றி மறுபடி ஸ்டார்ட் செய்தபோது “சரிங்க” என்றுதான் சொல்லிற்று.

அவர் கண் கலங்கியதா, சாதத்து மிளகாய்க் காரமா, தெரியாது.

“மேடம், உண்மையச் சொல்லுங்க. அஞ்சாவதா ஒரு மோடு இருக்குதுதானுங்களே? அதை அவனுக்கு மட்டும் சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

“அவருகிட்டயே கேளுங்களேன்.”

கேட்பதற்கு முன் சென்னியப்பன் குரலை இரண்டு தரம் செருமிச் சரிசெய்துகொண்டார். அக்கறையில்லாத குரல் வர வேண்டும்.

“ஏன் மாப்ள… சும்மாத்தான் கேக்கறேன்… நீ எந்த மோடுல ஓட்டற?”

“ஸ்டார்ட் பண்ணா எது வருதோ அதுல, மச்சான்.”

“பொய்.”

“பொய்யா இருந்தா என் கோழியெல்லாம் முட்டையிடாம போகட்டும்.”

“உன் கோழி இடலைன்னா எனக்கென்ன?”

“சந்தோசம்தான் உங்களுக்கு,” என்றார் மாப்ள.

உண்மை என்பதால் சென்னியப்பன் பேச்சை மாற்றினார்.

குரு மாப்ளையின் பக்கத்து சீட்டைக் காட்டினார்.

“ஒரு சுத்து கூடவே போய்ட்டு வாங்க.”

போனார். மோடு காட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாப்ளையின் கட்டைவிரல் பட்டன் பக்கம் அசைந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். விரல் அசையவில்லை. திரையில் நார்மல், நார்மல், நார்மல். காதில் மட்டும் “டேய்ய்ய்ய்!”

இறங்கும்போது வேர்த்திருந்தார்.

“எந்த மோடு?” என்றார் குரு.

“நார்மலுதாங்க,” என்றார் சென்னியப்பன். சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரல்.

“மூணாவது வளைவுல எங்க பிரேக் போட்டாரு?”

“வளைவுங்களா?”

“நீங்க சுத்தி நின்ன எடம்.”

“நான்… பாக்கலைங்க.”

குரு பழுப்பு நிற பேக்கிங் டேப்பை எடுத்தார். திரைமேல் ஒரு பட்டை ஒட்டினார். பட்டன்மேல் ஒரு பட்டை.

“இன்னொரு சுத்து.”

பார்க்க வேறொன்றும் இல்லாததால் சென்னியப்பன் சாலையைப் பார்த்தார்.

மூன்றாவது வளைவு வந்தது. அதற்கு ரொம்ப முன்னாலேயே மாப்ள பிரேக்கை மிதித்தார். பயந்தாங்கொள்ளி, என்று நினைத்தார் சென்னியப்பன். கார் அடங்கி, வழுக்காமல் திரும்பி, வளைவு நேரானதும் மாப்ள மிதித்தார் பாருங்கள், ஒரே மிதி. “டேய்ய்ய்ய்!” சென்னியப்பனின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

“இத்தன சீக்கிரமாவா மாப்ள பிரேக் போடுவ?”

“ஆரம்பத்துல நாமக்கல்லுக்கு முட்டை வண்டி நானே ஓட்டுனவன், மச்சான். வளைவுக்குள்ள பிரேக் போட்டா வண்டி பூரா ஆம்லெட்டு.”

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. மாப்ள சொன்ன ஜோக் என்பதால் சிரிக்கவில்லை.

அடுத்த சுற்று அவருடையது. டேப்பைப் பிரிக்கவில்லை. பக்கத்து சீட்டில் குரு.

மூன்றாவது வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே மிதித்தார். காத்திருந்தார். காத்திருப்பது உயிர் போகிற மாதிரி இருந்தது. வளைவு நேரானது. விட்டார்.

“டேய்ய்ய்ய்!”

ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அவரும் கூடச் சேர்ந்து கத்தினார். கார் கத்தியது எது, அவர் கத்தியது எது என்று பிரிக்க முடியவில்லை. பம்ப்செட் இல்லை, ஊஞ்சல் இல்லை, மோர் இல்லை. முன்னால் சாலை. அதன்மேல் வெயில்.

மாலை வரை இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். குரு ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தார்.

கடைசிச் சுற்று முடிந்தது. சென்னியப்பன் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்தார். பக்கத்திலிருந்த குரு திரும்பினார்.

“ஞாயித்துக்கிழமை நீங்கதான் ஓட்டறீங்க.”

“நானுங்களா?”

“நீங்கதான். அவரைவிடக் கண்ணிமைக்கற நேரம் முன்னால வந்துட்டீங்க.”

சென்னியப்பனின் முகம் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சமானது. ஸ்டீயரிங்கைத் தடவினார். மூச்சை இழுத்துவிட்டார். பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தூரத்தில் மாப்ள ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“அவன்கிட்டச் சொல்லிட்டீங்களா?”

“போன சுத்துலயே தெரிஞ்சிருச்சு. அப்பவே சொல்லிட்டேன்.”

“மூஞ்சி எப்படிங்க ஆச்சு? கருத்துப் போச்சா?”

“சிரிச்சாரு. மச்சானுக்கு நல்லா வருதுன்னு சொன்னாரு.”

“சிரிச்சானா?” சென்னியப்பனின் முகத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. “ஏனுங்க சிரிச்சான்? அவனுக்கு வேற ஏதாவது ரேஸ் தர்றதாச் சொல்லியிருக்கீங்களா? இதைவிடப் பெருசா?”

குரு சீட் பெல்ட்டை அவிழ்த்தார். கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தபிறகு கேட்டார்.

“இன்னைக்குக் காலையில கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன நெனப்பு வந்துச்சு?”

சென்னியப்பன் யோசித்தார். ரேஸ் இல்லை. கம்பெனி இல்லை. பக்கத்தில் படுத்திருந்த சம்சாரமும் இல்லை.

“மாப்ள எந்திரிச்சிருப்பானான்னு…”

“ஸ்டார்ட் ஆனதுமே வந்துருச்சே. அதுக்கு எந்தப் பட்டனை அமுக்குனீங்க?” என்றார் குரு.