ஏழாம் பக்கத்துச் செய்தி

"இதுல நான் எங்க இருக்கேன்? நீங்களே காட்டுங்க மேடம்."

பூங்கோதை செய்தித்தாள் துண்டை மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் டம்ளரில் இருந்த டீ தளும்பியது.

உலகம்மாள் அதைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள். மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கல்லூரியின் ஊடகவியல் துறைக்கு அவள்தான் தலைவர். பூங்கோதை அவளிடம் ஆய்வு மாணவி. ஆனால் வயதில் பூங்கோதை மூத்தவள். அதனால் மாணவி ஆசிரியையை மேடம் என்பாள். ஆசிரியை மாணவியை அக்கா என்பாள்.

"இந்தா இருக்கீங்களேக்கா." உலகம்மாள் கடைசி வரியைத் தொட்டாள்.

பூங்கோதை அதைப் பார்க்காமலே ஒப்பித்தாள்.

"வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டும் பணியில் பூங்கோதை உள்ளிட்டோர் உதவினர்."

"சரியாத்தானே இருக்கு?"

"உள்ளிட்டோர்னா யாரு மேடம்? வேலை செஞ்சது நானும் ஜெசிந்தாவும்தான். அவ மேல படத்துல நிக்கா. அப்ப அந்த உள்ளிட்டோர் யாரு? என் குடையா?"

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. டீயைக் குடித்துச் சமாளித்தாள்.

போன மழைக்காலத்தில் மலையிலிருந்து ஒரு சிறுத்தை ஊருக்குள் இறங்கியது. ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. தொலைக்காட்சிகள் விடாமல் அதையே காட்டின. ஊர் வெளிச்சம் இருக்கும்போதே கதவைச் சாத்தியது.

அந்தச் செய்தி எப்படிச் சொல்லப்பட்டது, கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று பூங்கோதையும் துறையின் இன்னொரு மாணவி ஜெசிந்தாவும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். போன வீட்டிலெல்லாம் ஒரே பதில். "நாங்க பயப்படல. பக்கத்து வீட்டுக்காரங்கதான் நடுங்கிட்டாங்க." பக்கத்து வீட்டிலும் அதே பதில்.

ஆய்வு வெளியானது. அதைப் பற்றிப் பத்திரிகையில் செய்தியும் வந்தது. தலைப்பில், 'கல்லூரி மாணவி ஆய்வு'. படத்தில் ஜெசிந்தா.

ஜெசிந்தா சின்னப் பெண். கன்னத்தில் குழி விழும். எந்தக் கூட்டத்தில் நின்றாலும் வெளிச்சம் அவள்மேல்தான் விழும் என்று பூங்கோதைக்குத் தோன்றும். மேடம் ஜெசிந்தாவோடு பேசும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிறார் என்றும் தோன்றும். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்றுகூட அவள் கவனித்து வைத்திருந்தாள்.

ஒரு காலத்தில் பூங்கோதை உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி வாசித்தவள். கடைத்தெருவில் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். சேனல் மூடிய பிறகு பார்ப்பது நின்றுபோனது.

"ஒரு ஆராய்ச்சியாளரா சொல்லுதேன் மேடம்," என்றாள் பூங்கோதை. "முதல்ல வாயில்காப்பு. எது உள்ள வரணும், எது வெளிய நிக்கணும்னு ஒருத்தன் வாசல்ல நின்னு தீர்மானிக்கான். என்னை வெளிய நிறுத்திட்டான். அடுத்தது சட்டகம். 'மாணவிகள்'னு போட்டா வேற செய்தி. 'மாணவி'ன்னு போட்டதும் அவளச் சுத்தி ஒரு சட்டம் மாட்டியாச்சு. மூணாவது, படம் மேல, நான் அடியில. எதைப் பெருசா நினைக்கணும்னு படிக்கிறவனுக்குப் பத்திரிகையே சொல்லிக் குடுக்கு."

"அருமையா இருக்கு அக்கா. இதையே ஒரு கட்டுரையா எழுதலாம்."

"கட்டுரை வேண்டாம். திருத்தம் வேணும். அந்த நிருபர் நீங்க சொன்னாக் கேக்கக்கூடியவர்தானே? முக்கியமான வேலை செஞ்சது பூங்கோதைன்னு போடச் சொல்லுங்க."

"அப்படிப் போட்டா ஜெசிந்தா?"

"அவளுக்கென்ன, படம் வந்தாச்சுல்லா."

உலகம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் இதையெல்லாம் கடந்தவ. படிக்கிற ஜனங்க தப்பா நினைச்சிருவாங்களே, அதுக்குத்தான் சொல்லுதேன். திருத்தம் வரலைன்னா நான் நாளைலேருந்து துறைக்கு வரல. பிஎச்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவள் சொன்னால் செய்வாள் என்று உலகம்மாளுக்குத் தெரியும்.

"சரிக்கா. நானே போன் பண்றேன். ஆனா திருத்தம் போட்டா அது யாருக்குப் போய்ச் சேரணும்?"

"தப்பா நினைச்சவங்களுக்கு."

"ஒரே ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. இந்தச் செய்தியப் படிச்சு, அதுக்கு முன்னாடி நினைச்சிருந்தத மாத்திக்கிட்டவங்க. அவங்க முன்னாலயே போன் பண்றேன்."

"ஒருத்தரா! ஊரையே கூட்டிட்டு வாறேன்," என்று பூங்கோதை எழுந்தாள்.

*

முதலில் டீக்கடை. கடைக்காரர் பேப்பரை வரி விடாமல் படிப்பவர்.

"அண்ணாச்சி, இந்தச் செய்தி படிச்சீங்களா?"

"படிக்காம? அத்தனையும் பொய்."

பூங்கோதையின் முகம் மலர்ந்தது. "எது பொய்?"

"சிறுத்தைங்கான். அது செந்நாய். தடத்த நான் என் கண்ணால பாத்தேன்."

"அது கிடக்கட்டும். ஆய்வு செஞ்சது யாருன்னு போட்டிருக்கான்?"

"வனத்துறையாத்தான் இருக்கும்."

"இந்தப் படத்தப் பாருங்க அண்ணாச்சி."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "யாரும்மா இது, புது கலெக்டரா?"

அடுத்து, தையல் கடை மும்தாஜ்.

"பாத்தேன், பாத்தேன். படத்துல ஒரு பிள்ளை நிக்கி. ஜாக்கெட்டு கை ஒண்ணு தூக்கிக்கிட்டு இருக்கு. எவ தச்சாளோ."

"அந்தப் பிள்ளை யாருன்னு போட்டிருந்தான்?"

"அதயெல்லாம் யாரு படிச்சா?" மும்தாஜ் தையல் மிஷினை நிறுத்தினாள். "ஏங்க, நீங்க கேபிள்ல செய்தி வாசிச்சவங்கதானே?"

பூங்கோதையின் கழுத்து தானாக நிமிர்ந்தது. "நான் வாசிச்சது எதாவது ஞாபகம் இருக்கா?"

"செய்தியா?" மும்தாஜ் யோசித்தாள். "உங்க மூக்குத்தி ஞாபகம் இருக்கு. வெள்ளிக்கிழமைன்னா செகப்புக்கல்லு. அத வச்சுத்தான் எங்க மாமியா கிழமை சொல்லும்."

பூங்கோதை நன்றி சொல்லாமல் வந்துவிட்டாள்.

வணிகவியல் பேராசிரியர் ஒருவர், தான் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர் என்றும், விளையாட்டுச் செய்தி முடிவதற்குள் வகுப்பு மணி அடித்துவிடும் என்றும் சொன்னார். அந்தச் செய்தி வந்த ஏழாம் பக்கத்துக்கு அவர் இதுவரை வந்ததே இல்லை.

சிறுத்தை வந்த தெருவுக்கே போய்க் கேட்டாள். "கன்னுக்குட்டி செவலைம்மா. செய்தியில கறுப்புன்னு போட்டுட்டான். அதுக்கு ஒரு திருத்தம் போடச் சொல்லேன்," என்றாள் கன்றைப் பறிகொடுத்தவள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்தாள். கணவர் இசக்கித்துரை மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். தட்டில் முறுக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களாவது சொல்லுங்க. அந்தச் செய்தியப் படிச்சப்ப என்ன நினைச்சீங்க?"

"என்ன நினைக்க? உன் பேரு போட்டிருந்தான்லா. ஆபீஸ்ல எல்லார்ட்டயும் காட்டினேன்."

"கடைசி வரியில போட்டிருக்கான்."

"முதல் வரியில என்ன இருந்துச்சு?"

"படம் பாத்தீங்கல்லா? படத்துல யாரு?"

"யாரோ நின்னுது." அவர் முறுக்கைக் கடித்தார். "நான் உன் பேரத்தான தேடினேன்."

அது சந்தோஷப்பட வேண்டிய பதில் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கோபம்தான் வந்தது. ஊரில் ஒரு ஆளுக்குக்கூடவா ஜெசிந்தாவைத் தெரியவில்லை? தெரியாதவளைப் பார்த்து எப்படிப் பொறாமைப்படுவது? பொறாமை என்ற சொல் மனதுக்குள் வந்ததும் அவசரமாக அதை அழித்துவிட்டு வேறு யோசித்தாள்.

ஒரு வீடு மிச்சம் இருந்தது. ஜெசிந்தாவின் வீடு. அங்கே நிச்சயம் அந்தச் செய்தியைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். ஜெசிந்தாவின் அம்மா போதும். அவரையே கையோடு கூட்டிப் போய்விடலாம்.

*

சுவரில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

"உள்ள வாங்க," என்றார் ஜெசிந்தாவின் அம்மா. "நீங்களாவது அவகிட்டப் பேசுங்க. அந்தப் பேப்பர் வந்ததுலேருந்து ஒழுங்காச் சாப்பிடல."

"ஏன்?"

"என்கிட்ட கேட்டா? அவகிட்ட கேளுங்க."

ஜெசிந்தா உள்ளேயிருந்து வந்தாள். கன்னத்தில் குழி இல்லை. கையில் அதே செய்தித் துண்டு. கடைசி வரிக்கு அடியில் சிவப்புக் கோடு.

"இது உங்களுக்கு நல்லாவா இருக்கு மேடம்?" என்றாள்.

இதுவரை அவள் பூங்கோதையை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

"எது?"

"வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டியது பூங்கோதை. அப்ப நான் என்ன செஞ்சேன்? பவுடர் போட்டுட்டு வந்து போட்டோவுக்கு நின்னேனா? மேட்டுத் தெருவுல நாய் துரத்தினது யாரை?"

"உன்னைத்தான்."

"அது இதுல இருக்கா?"

"இல்ல."

"படிக்கிறவன் என்ன நினைப்பான்? வெயில்ல அலைஞ்சது இவங்க, பேரு வாங்கினது அவள்னு. அந்த நிருபர் உங்க கேபிள்ல வேலை பாத்தவர். எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நீங்க சொல்லிக் குடுக்காம இந்த வரி வந்திருக்காது."

பூங்கோதை வாய் பிளந்து நின்றாள். நிருபரைச் சிரித்து மயக்கியது ஜெசிந்தா என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"திருத்தம் போடச் சொல்லி மேடம்ட்டக் கேட்டிருக்கேன்," என்றாள் ஜெசிந்தா.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"செய்தியப் படிச்சு மனசு மாறின ஒருத்தரக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

பூங்கோதைக்கு நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அந்த வேலையைக்கூட மேடம் தனக்கென்று தனியாகத் தரவில்லை.

"கிடைச்சாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க கிடைச்சாங்க! எங்க சர்ச்ல ஒருத்தங்க சிறுத்தையப் பிடிச்சது நான்தான்னு நினைச்சு ஜெபம் பண்ணினாங்க."

இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிக்கவில்லை.

ஜெசிந்தாவின் அம்மா காப்பியை வைத்துவிட்டு, இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார்.

"ஜெசிந்தா, ஒண்ணு கேக்கட்டா? இந்தச் செய்தி வர்றதுக்கு முன்னாடி, என்னை அப்படிப்பட்டவள்னு நினைச்சிருக்கியா?"

"ஒரு நாளும் நினைச்சதில்ல."

"எப்ப நினைச்ச?"

"படிச்சப்புறம்தான்."

பூங்கோதை துள்ளி எழுந்தாள்.

"கிளம்பு. நாளைக்குக் காலைல நேரா மேடம் ரூமுக்கு. நான் தேடி அலைஞ்ச ஆளு நீதான்."

ஜெசிந்தா அசையவில்லை.

"நீங்க மட்டும் என்ன? முந்தியெல்லாம் சாப்பாட்டு டப்பாவத் திறந்தா முதல் வாய் எனக்குத்தான். இப்ப முதுகக் காட்டிட்டு உக்காந்து சாப்பிடுதீங்க. எதைப் படிச்சப்புறம்?"

பூங்கோதை காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்களும் வாங்க," என்றாள் ஜெசிந்தா. "நான் தேடின ஆளும் கிடைச்சாச்சு."

*

மறுநாள் காலையில் ஒரே வண்டியில் வந்தார்கள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

உலகம்மாள் இருவரையும் பார்த்தாள்.

"யாரு யாரைக் கூட்டிட்டு வந்தது?"

"நான் இவளை."

"நான் இவங்களை."

உலகம்மாள் சிரிப்பாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல," என்று செல்போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். மூவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க மேடம், வணக்கம்," என்றது நிருபரின் குரல். பின்னால் பேருந்து இரைச்சல்.

"தம்பி, நீங்க எங்க துறையப் பத்திப் போட்ட செய்தியில ஒரு திருத்தம் வேணும். படிச்சவங்க மனசுல பெரிய பாதிப்பு."

"அய்யய்யோ. யாருக்கு மேடம்?"

"இங்கதான் இருக்காங்க. என்ன போடணும்னு அவங்களே சொல்லுவாங்க."

உலகம்மாள் போனை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"போட்டுருவோம் மேடம், கண்டிப்பாப் போட்டுருவோம்," என்றது குரல். "ஆமா, அது எந்தச் செய்தி?"

இருவரும் போனையே பார்த்தார்கள்.

"ஹலோ? என்ன செய்தி மேடம் அது? நம்ம பேப்பர்லயா வந்துது?"

அந்தச் செய்தி முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை இருவருக்கும் மனப்பாடம். பூங்கோதை ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா பூங்கோதையைப் பார்த்தாள்.

"ஹலோ, யாரு லைன்ல?"

பூங்கோதை குனிந்து, ஒரு காலத்தில் செய்தி வாசித்த அதே தெளிவான குரலில் சொன்னாள்:

"ராங் நம்பர் சார்."

ஜெசிந்தா போனை அணைத்தாள்.